கொல்லையில் மேட்டுப்பாத்தி: வீடு பிரித்த மரத்தில் எது ஆகும், எது ஆகாது

எங்கள் வீட்டுக் கொல்லைக்கட்டைப் போன சித்திரையில் பிரித்தோம். நாட்டு ஓடு போட்ட பழைய கட்டு, தாத்தா காலத்தது. ஓடு முழுக்க இறங்கிய பிறகு மாட்டுக்கொட்டகையில் மரம் மட்டும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது: பனங்கைமரம் (கூரையில் ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்), தேக்கு உத்திரம் இரண்டு, ரீப்பர் (கைமரத்தின் மேல் குறுக்கே அடிக்கும் பட்டை), பச்சைப் பெயின்ட் அடித்த கதவுகள், நிலை, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சில பலகைகள். அந்த வாரத்தில்தான் அத்தை வந்து, "இந்த வருஷமாவது மழைக்கு அழுகாம கத்திரிச் செடி நிக்கணும்டா, எதாவது பண்ணிக் குடு" என்றார். மரம் இருக்கிறது, தேவையும் இருக்கிறது, பாத்திக்குச் சட்டம் அடித்துவிடலாம் என்று இறங்கினேன். எந்த மரம் என்று முடிவு பண்ணத்தான் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் பார்த்தது, கேட்டது, ஏற்கனவே ஒருமுறை பட்டது எல்லாவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு நேராகப் பொருந்தும்.

முதலில் மண். மரத் தேர்வே அதை வைத்துத்தான் நடக்கிறது. குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். நெல்லுக்கென்றே அமைந்த வண்டல். ஈரத்தில் காலைப் பிடித்துக்கொள்ளும், பங்குனி வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருஷத்து மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் கொட்டிவிடுகிறது. அதற்குள் ஆறும் வாய்க்காலும் ஓடிக் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருக்கும், மேலே விழும் மழை கீழே இறங்க இடமில்லை. நெல் நிற்கும், கத்திரி நிற்காது. மூன்று நாள் வேரில் தண்ணீர் கட்டினால் மிளகாய்ச் செடி தலை தொங்கிவிடும், அப்புறம் என்ன செய்தாலும் நிமிராது. அதனால் இங்கே காய்கறிக்கு மண்ணை உயர்த்துவது அழகுக்குச் செய்கிற வேலை கிடையாது, மழைக்கால விளைச்சலே அதில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். செடியைக் காப்பாற்ற நாம் நிறுத்தும் பலகை, செடி தாங்காத அதே ஈரத்தில்தான் நிற்கப் போகிறது. மூன்று மாதம் ஊறல், அதற்குப் பிறகு ஆனி வரை காய்ச்சல், இரண்டுக்கும் நடுவே கரையான். இந்த மூன்றையும் தாங்கும் மரம் எது என்று பார்க்க வேண்டும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். எட்டடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம். நாலடி ஏனென்றால் இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்டும், உள்ளே கால் வைத்து மிதிக்க வேண்டியதில்லை. சுவரோரம் வைத்தால் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். கீரைக்கு முக்கால் அடி மண் போதும், கத்திரிக்கும் வெண்டைக்கும் ஒன்று முதல் ஒன்றரை அடி. இந்த அளவில் 48 கன அடி மண் பிடிக்கும், அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரு கன அடி ஈர மண் 40 முதல் 50 கிலோ வரும். அப்படியானால் மொத்தம் இரண்டு டன். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டன் ஈர மண் நாலு பக்கமும் தள்ளும்போது எட்டடிப் பலகை நடுவில் வயிறு தள்ளும். அரை அங்குலப் பலகையில் அழகாகச் செய்து வைத்துவிட்டு முதல் மழையில் பிளந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

குவியலைப் பார்க்க ஊர் ஆசாரியைக் கூட்டிவந்தேன். எங்கள் வீட்டுக் கதவு, நிலை எல்லாம் அவர் அப்பா செய்தவை. எந்த மரம் நல்ல மரம் என்றுதான் நான் கேட்டேன். அவர் ஒவ்வொரு துண்டாகப் புரட்டி, "தம்பி, இது என்ன மரம்னு அப்புறம் பாப்போம். இது வீட்டுல எங்க இருந்துச்சு? கூரையிலயா, தரையிலயா? அடுப்படிக்கு மேலயா? யாரு என்ன பூசினாங்க? அதச் சொல்லுங்க" என்றார். எனக்கு இந்தக் கணக்குப் பிடித்துவிட்டது, ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அதிலேயே விடை வந்துவிடுகிறது. எழுபது வருஷம் கூரையில் காற்றோட்டமாக இருந்த மரம் வற்றிக் காய்ந்து, பூச்சிக்குத் தப்பி, எந்த ரசாயனமும் படாமல் இறங்கி வந்திருக்கிறது. தரையில் இருந்த மரம் அப்படி இல்லை. வெளியிலிருந்து வந்த மரம் எதை எதைக் குடித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாம் அதில் வளர்க்கப் போவதோ சாப்பிடுகிற கீரை.

தென்னையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், எளிதில் கிடைப்பதும் அதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது அந்தப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. மாமா தோப்பிலும் அப்படித்தான். பல வருஷம் வளர்த்த மரத்தைக் கொளுத்த மனசு வராமல், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் எட்டடித் துண்டுகளாக வெட்டி வண்டியில் ஏற்றிவந்து, 2019 தையில் அப்படியே உருட்டிவைத்துப் பாத்தி கட்டினோம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. முதல் வருஷம் தண்டுக்கீரையும் வெண்டையும் வந்தன. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கையால் அமுக்கினால் கட்டை உள்ளே போனது. தென்னைக்கு வெளிப்புறம் மட்டும்தான் கெட்டி, உள்ளே நார்ச்சோறு. வெட்டிய முகத்தின் வழியே தண்ணீர் ஏறி அந்தச் சோறு அழுகும், மேலே ஓடு மட்டும் நிற்கும். மண்ணில் படும்படி போட்ட தென்னை, மருந்தேற்றாவிட்டால், இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது.

அழுகியது கூடப் பெரிய வருத்தம் இல்லை. கட்டையைப் புரட்டிய அன்று உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு சுருண்டு கிடந்தது, பதினைந்து இருபது இருக்கும். காண்டாமிருக வண்டின் புழு. இந்த வண்டு முட்டையிடத் தேடுவதே மட்கிய தென்னங்கட்டையையும் எருக்குழியையும்தான்; வளர்ந்து பறந்து போய் நிற்கிற தென்னையின் குருத்தைக் குடைந்துவிடும். விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி முக்கோணமாகத் தெரிவது அதன் வேலைதான். எங்கள் கொல்லையில் மூன்று தென்னை இருக்கிறது, பக்கத்து வீட்டில் எட்டு. ஒரு பாத்திக்காக நாங்களே தெருவுக்கு வண்டு வளர்த்திருக்கிறோம். அன்றைக்கே கட்டையைப் பிளந்து காயப்போட்டு எரித்தோம். தென்னை நிற்கும் கொல்லையில் தென்னங்கட்டையால் பாத்தி வேண்டவே வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்வேன். முற்றிய மரத்தின் வெளிக்கெட்டியை மட்டும் அறுத்து, சோற்றைச் செதுக்கிப் பலகையாக எடுத்தால் அது வேறு கதை, நல்ல பலகைதான், ஆனால் அதைக் கூரைக்கோ பெஞ்சுக்கோ போடுங்கள். மண்ணோரம் வேண்டாம்.

பனை அப்படி இல்லை. இரண்டும் ஒரே சாதி மரம் மாதிரித் தெரிந்தாலும் முற்றிய பனையின் வெளிப்பக்கம் கறுத்து, நார் நெருங்கி, வைரமாக இருக்கும். அதனால்தான் ஓட்டு வீட்டுக்குக் கைமரம் என்றாலே இங்கே பனை. எங்கள் குவியலில் இருந்த கைமரங்கள் 12 அடி நீளம், 4 அங்குல அகலம், இரண்டங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே கனம். ஆசாரி திருப்புளியால் குத்திப் பார்த்தார், முனைதான் வழுக்கியது. தோலுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் வெளுத்த சோறு ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் குத்தினால் இறங்கியது. கரையான் பனையைத் தின்றால் அந்தச் சோற்றைத்தான் முதலில் தின்னும், ஆகவே வாய்ச்சியால் அதைக் கறுப்பு தெரியும்வரை செதுக்கித் தள்ளிவிட வேண்டும். இதைச் செய்யாமல் பனை உளுத்துவிட்டது என்று குறை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பனையில் வேலை செய்வது கஷ்டம், அதையும் சொல்ல வேண்டும். ஆணி இறங்காது, இறங்கினால் நார் பிளக்கும். டிரில் போட்டு ஓட்டை எடுத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட்தான் போட வேண்டும். நார்ச் சிலாம்பு கையில் ஏறினால் இரண்டு நாள் வலிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பலகை போல அகலமாகவும் கிடைக்காது, நாலங்குலச் சட்டமாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டும், நடுவே இடுக்கு விழும். ஆனால் எட்டும் நாலும் பன்னிரண்டு, அதாவது ஒரு கைமரத்தை வெட்டினால் நீளப் பக்கம் ஒன்று, அகலப் பக்கம் ஒன்று, மிச்சம் இல்லாமல் வரும். ஒரு வரிசைக்கு இரண்டு கைமரம். இந்தக் கணக்கு வந்து விழுந்ததும் எனக்குப் பாதி முடிவு ஆகிவிட்டது.

இதற்காகப் புதுசாகப் பனையை வெட்ட யாரும் நினைக்க வேண்டாம். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு பனை கைமரத்துக்கு ஆகிற அளவுக்கு வைரம் பாய இரண்டு தலைமுறை ஆகும். இடித்த வீட்டுப் பனையை விறகுக்குப் போடாமல் காப்பாற்றுகிறோமே, அந்த வரைக்கும்தான் இந்த யோசனை சரி.

அடுத்தது தேக்கு உத்திரம். மரத்தை மண்ணில் புதைத்துப் பார்த்து வகுப்புப் பிரிக்கும் இந்தியத் தர முறையில், பத்து வருஷத்துக்கு மேல் தாங்குவது முதல் வகுப்பு, ஐந்து வருஷத்துக்குக் குறைவானது மூன்றாம் வகுப்பு. தேக்கின் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதி, முதல் வகுப்பு, மா மூன்றாம் வகுப்பு. வைரம் என்பதைக் கவனியுங்கள், ஓரத்து வெள்ளைக்கு அந்தத் தகுதி கிடையாது. தேக்கே ஆனாலும் வெள்ளைப் பகுதி உளுக்கும், கரையான் தின்னும். ஆக, தாங்குமா என்று கேட்டால் தேக்கு தாராளமாகத் தாங்கும். போடலாமா என்று கேட்டால், என் மனசு கேட்கவில்லை. ஒன்றரை அடி உயரத்துக்கு இரண்டங்குலப் பலகையில் இந்தப் பாத்திக்கு ஆறு கன அடி மரம் வேண்டும். பழைய மரம் விற்கிற கடையில் ஆறு கன அடி தேக்கு வைரத்துக்குக் கிடைக்கும் காசில் பாத்திக்குச் செங்கல், மண், எரு எல்லாம் வாங்கிவிடலாம். அதோடு அந்த உத்திரத்தில் நல்ல நிலையோ ஊஞ்சல் பலகையோ செய்தால் இன்னும் நூறு வருஷம் வீட்டுக்குள் இருக்கும். மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அதன் ஆயுளைக் குறைப்பானேன்? வீட்டில் ஒச்சமான துண்டு தேக்கு கிடந்தால் மூலைக்கட்டைக்குப் போடுங்கள், போதும்.

வேம்பு, பூவரசு, இலுப்பை, கருவேலம் இவையும் டெல்டா வீடுகளில் வரும். வைரப் பகுதியாக இருந்து கூரையிலிருந்து இறங்கியதாக இருந்தால் நம்பி எடுக்கலாம். மா, பஞ்சு மாதிரி லேசாக இருக்கும் எந்தப் பலகையும் வேண்டாம். பெயர் தெரியாத துண்டுக்கு மூன்று சோதனை: தூக்கிப் பார்த்துக் கனம், விரல்முட்டியால் தட்டிப் பார்த்துச் சத்தம், ஓரத்தில் செதுக்கிப் பார்த்து நிறம். மாவு மாதிரித் தூள் கொட்டினால் உளு இருக்கிறது, அதைக் குவியலிலிருந்தே தள்ளி வையுங்கள்.

கதவுகளுக்கு வருகிறேன். பார்ப்பதற்கு இதைவிடத் தோதான பொருள் இருக்காது. ஆறடி நீளம், நல்ல கனம், ஏற்கனவே பலகையாக இருக்கிறது, நாலு கதவை நாலு பக்கம் நிறுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பச்சைப் பெயின்ட். இந்தியாவில் வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமலில் ஈயம் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் கதவில் அந்தப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து மண்ணில் விழும். ஈயம் மண்ணில் கரைந்து போகாது, மக்காது, அப்படியே இருக்கும். கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுரண்டி எடுத்துவிட்டுப் போடலாமே என்று கேட்பீர்கள். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி நேராக மூச்சில்தான் போகும், அது பாத்தியைவிட மோசம். எங்கள் கதவுகளைக் கொட்டகைக்குத் தடுப்பாக வைத்துவிட்டேன். பெயின்ட் படாத, எண்ணெய் மட்டும் தடவிய பழங்கதவு என்றால் பயமில்லை. நிலையின் கீழ்க்கட்டை மட்டும் எப்போதும் சந்தேகம், அது தரையில் இருந்த மரம், எங்கள் வீட்டில் அடிப்பக்கம் முழுக்கக் கரையான் புற்று மண் ஒட்டியிருந்தது.

காங்கிரீட் ஊற்றும்போது அச்சாகப் பிடிக்கும் சென்ட்ரிங் பலகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், கட்டட வேலை முடிந்த இடத்தில் மலிவாகத் தருவார்கள் என்பதால். அது குடித்தது என்ன என்று யோசியுங்கள். காங்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பல இடங்களில் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத்தான் ஒவ்வொரு முறையும் பூசுவார்கள். வருஷக்கணக்கில் ஊறிய ஆயில். அந்த ஆயிலால்தான் அதைக் கரையான் தொடுவதில்லை. அதே ஆயிலால்தான் அது உணவுப் பயிருக்கு ஆகாது. பூச்செடிக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாரம் கட்டிய சவுக்குக் கம்பில் ஆயில் இருக்காது, ஆனால் மண்ணில் ஊன்றினால் சீக்கிரமே கரையானுக்குப் போய்விடும்.

சரக்கை அடுக்கி ஏற்றும் மரத்தட்டான பேலட் கட்டை திருச்சி, துவாக்குடி கம்பெனிப் பக்கங்களில் கிடைக்கிறது. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை சுட்டிருக்கும், அதன் பக்கத்தில் எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, மரத்தின் உள்நடு வரைக்கும் 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தது, வேறு மருந்து இல்லை. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, எடுக்காதீர்கள். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் எடுக்காதீர்கள். எச்.டி. பேலட் சுத்தமானதுதான், ஆனால் பெரும்பாலும் பைன், மென்மரம். நம் மழைக்கும் கரையானுக்கும் ஒரு வருஷம், ரொம்பப் போனால் இரண்டு. அதன் இரட்டைத் தட்டு இடுக்குகளில் தேளும் கட்டுவிரியனும் அடைந்துகொள்ளும் என்பது கிராமத்தில் சின்ன விஷயம் இல்லை. மாடித்தோட்டத்துக்கு, தரையும் கரையானும் இல்லாத இடத்துக்கு, பேலட் நல்ல பொருள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், ஒரு வருஷத்துக்குக் கீரை எடுத்துவிட்டுப் போகலாம்.

ரயில்வே சிலிப்பர் கட்டையும் பழைய மீன்பிடிப் படகின் பலகையும் சீக்கிரம் முடித்துவிடலாம், இரண்டும் வேண்டாம். சிலிப்பர் கட்டையில் ஏற்றியிருப்பது கிரியோசோட், நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உள்ளது. சித்திரை வெயிலில் கட்டையிலிருந்து கறுப்பாக வியர்ப்பதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐரோப்பாவில் செடி வளர்க்கும் தொட்டிகளுக்கு அதைப் பயன்படுத்தவே தடை இருக்கிறது. படகுப் பலகை நாகை, காரைக்கால் பக்கம் கிடைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டதால் பழைய மரப்படகுகள் கரையில் கிடந்து உடைக்கப்படுகின்றன. மரம் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் உப்பு ஊறியது, சிப்பி ஒட்டாமல் இருக்க அடிப்பக்கம் செம்பு கலந்த பெயின்ட் அடித்தது. ஏற்கனவே உப்புத்தண்ணீரோடு மல்லுக்கட்டும் கடலோரக் கொல்லையில் அதையும் கொண்டுவந்து வைக்க வேண்டாம்.

சரி, மரமே இல்லாமல் செய்தால் என்ன? நியாயமான கேள்வி. கரையே இல்லாத வெறும் மேட்டுப்பாத்திக்குச் செலவு கிடையாது, மண்ணை வெட்டிக் கூட்டி, வாய்க்கால் பிடித்து, மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஆயிற்று. நிலம் நிறைய இருப்பவர்களுக்கு இதுதான் சரி, நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அடைமழையில் ஓரம் கரைந்து ஒவ்வொரு வருஷமும் மறுபடி கூட்ட வேண்டும், குனிந்து வேலை செய்ய வேண்டும். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் மடங்காது. விளிம்பில் கையை ஊன்றி நிற்க ஒரு கட்டு அவருக்கு வேண்டும். முழுக்கச் செங்கல்லில் கட்டினால் இந்த அளவுக்கு ஒரு வரிசைக்கு 32 கல், ஆறு வரிசைக்கு ஏறக்குறைய 200. கரையான் பயம் போயிற்று. ஆனால் களிமண் வெடிக்கும்போது அஸ்திவாரம் இல்லாத அரைக்கல் சுவர் விரிசல் விடும், பிறகு இடம் மாற்ற முடியாது, பெருச்சாளி அடியில் குழி தோண்டினால் சாய்ந்துவிடும். மரச்சட்டம் மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அது நம் மண்ணுக்கு ஒரு பெரிய வசதி.

கடைசியில் இரண்டையும் சேர்த்தோம். மரம் மண்ணைத் தொடும் அந்த ஒரு கோட்டில்தான் எல்லாம் அழுகுகிறது, கரையானும் அங்கிருந்துதான் ஏறுகிறது. ஆகவே கீழே ஆறங்குலத்துக்கு இரண்டு வரிசை பழைய செங்கல், அதே வீட்டில் இறங்கியது, 64 கல், களிமண் சாந்தில். அதன்மேல் மூன்று வரிசை பனங்கைமரம், 12 அங்குலம். சேர்த்தால் ஒன்றரை அடி. ஆறு கைமரம் சுற்றுக்கு, ஏழாவது மூலைக்கட்டைக்கு. மூலைக்கட்டையைத் தரையில் ஊன்றவில்லை, செங்கல் மேலேயே நிற்கிறது. மண் தள்ளாமல் இருக்க நீளப் பக்கங்களில் வெளியே பக்கத்துக்கு இரண்டாக 12 மி.மீ. கம்பி அடித்து, நடுவில் குறுக்கே ஒரு ஜி.ஐ. கம்பி நட்டுப் போட்டு இழுத்துக் கட்டினோம். கைமரத்தை வெட்ட மில்லுக்கு எடுத்துப் போனபோது முதலில் திருப்பி அனுப்பினார்கள், ஆணி இருந்தால் ரம்பம் போய்விடும் என்று. அவர்கள் சொன்னது சரிதான். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு ஆணியாகக் கண்டுபிடித்துப் பிடுங்க இரண்டு நாள் ஆனது, ஏழு மரத்தில் நாற்பதுக்கு மேல் இருந்தன.

உள்பக்கம் தடிமனான பாலிதீன் தாளை மேல் விளிம்பில் பிடித்துச் செங்கல் வரைக்கும் தொங்கவிட்டோம். தாளுக்கும் மரத்துக்கும் நடுவே ரீப்பர் துண்டுகளை நிற்க வைத்ததால் காற்று போகும். தாளை அடியில் மடித்துப் போடாதீர்கள், அடி திறந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி மாதிரி தண்ணீர் நிற்கும், எதற்காக உயர்த்தினோமோ அது வீண். உர மூட்டைச் சாக்கை விரித்துப் போட்டால் வெயிலில் இழை இழையாகப் பிரிந்து மண்ணில் கலந்துவிடும், அதைத் தவிர்த்தேன்.

பூச்சுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய். படகுக்குப் பூசுவது இதைத்தான், பூச்சிக்கும் ஈரத்துக்கும் நல்ல தடை. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், கை முழுக்க மூடிக்கொண்டு பூச வேண்டும். வெளிப்பக்கமும் வெட்டிய முகங்களும் மட்டும், மண் பக்கம் வேண்டாம். எண்ணெயை அதிகம் குடிப்பது வெட்டுமுகம்தான், அங்கே மூன்று முறை. பூசி மூன்று வாரம் நிழலில் காயவிட்ட பிறகே கோத்தோம். கழிவு ஆயிலும் தாரும் கிட்டத்திலேயே வரக் கூடாது.

ஆனியில் சட்டம் முடிந்தது. இரண்டு பங்கு வயல் மேல்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணலும் கருக்கிய உமியும். எரு கொட்டும்போது வண்டுப் புழு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தோம், நாலு கிடைத்தது. ஆடிப் பெருக்கு அன்றைக்கு அத்தை கத்திரி நாற்று நட்டார். ஐப்பசியில் கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர் நின்ற ஒன்பது நாளும் பாத்தி மேலே இருந்தது, ஒரு செடி கூடச் சாகவில்லை. மண் மட்டும் நாலங்குலம் இறங்கியிருக்கிறது.

இப்போது தை. போன வாரம் வடக்குப் பக்கச் செங்கல் மேல் பென்சில் கனத்தில் கரையானின் மண்கோடு ஒன்று ஏறியிருந்தது, மரத்தைத் தொட இரண்டு விரல்கடை பாக்கி. செங்கல் இருந்ததால்தான் கண்ணில் பட்டது. வழித்துவிட்டு வேப்பெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். அத்தை தைப்பட்டத்துக்கு இன்னொரு பாத்தி கேட்கிறார். ஐந்து கைமரம் மிச்சம் இருக்கிறது, ஏழு வேண்டும். கீழத்தெருவில் ஒரு ஓட்டு வீட்டை மாசியில் பிரிக்கிறார்களாம், அடுப்படிக் கூரை மரத்தை எனக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறேன்.